முதல் தட்டு

கையை எடுத்தால் நக்கும். நக்கினால் தையல் பிரியும். பிரிந்தால் மறுபடி மயக்க ஊசி, அதை இந்த உடம்பு தாங்காது என்று டாக்டர் பெண் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள். ஆகையால் கையை எடுக்க மாட்டேன். இதில் யாருக்கு என்ன விளங்கவில்லை என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வெயில் ஜன்னல் கம்பி வழியாக வந்து மொசைக் தரையில் கோடு கோடாகக் கிடக்கிறது, நான் நைட்டியோடு சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறேன், என் தொடையில் தலையை வைத்துக்கொண்டு ஆக்னஸ் படுத்திருக்கிறாள், அவள் உடம்பில் என் வீட்டுக்காரரின் கை வைத்த பனியன். முன்னங்கால் இரண்டும் கைகளுக்குள்ளே, கீழ்ப்பக்கத்தை முதுகுக்கு இழுத்து ஒரு முடிச்சு. கழுத்துக்கு பிளாஸ்டிக் புனல் ஒன்று கொடுத்தார்கள், அதை மாட்டிக்கொண்டு பீரோவிலும் கதவிலும் கட்டில் காலிலும் முட்டி முட்டி உடைத்தே விட்டாள், நானாக இருந்தாலும் உடைத்திருப்பேன். பனியனைப் பார்த்துவிட்டு, என் பனியனா என்று கேட்டார் மனுஷன். பின்னே யாருடையது, எதிர் வீட்டுக்காரருடையதா. போன் அடிக்கிறது. சோபாக் கையில் கிடந்து தானாக நகர்ந்து நகர்ந்து அடிக்கிறது. பிரமுவாகத்தான் இருக்கும். இவருடைய ஒரே தங்கை, இன்றைக்கு அவள் மகள் சுபாஷினிக்கு வளைகாப்பு, மண்டபத்தில் எல்லோரும் கூடியாயிற்று, தாய்மாமன் வீட்டுச் சீர்த் தட்டெல்லாம் தெருப் பெண்களோடு வேனில் போயாயிற்று, முதல் தட்டு மட்டும் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருக்கிறது. அதைத் தாய்மாமன் பெண்டாட்டிதான் எடுக்க வேண்டும். நாலரைக்கு ராகுகாலம் பிறக்கும் முன்னே மண்டபத்துக்குள் எடுத்துக்கொண்டு போக வேண்டும், உள்ளே போய்ப் பிள்ளைத்தாச்சி கையில் முதல் வளையலை அவள்தான் போட வேண்டும். அந்தத் தாய்மாமன் பெண்டாட்டி இங்கே ஒரு நாயின் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அடிக்கட்டும். அடித்து ஓயட்டும். என் மாமியாரைக் காரில் ஏற்றிவிட்டு வந்து, அம்மாவை மண்டபத்துல விட்டுட்டு வாரேன், நீ பட்டைக் கட்டி ரெடியா இரு, நாயைப் பாத்ரூம்ல போட்டுப் பூட்டிரு, ரெண்டு மணி நேரம்தானே என்றார். ஈரத் தரையில், பச்சைக் காயத்தோடு, பூட்டிய கதவைப் பிறாண்டிக்கொண்டு இது கிடக்கும், நான் அங்கே சிரித்துக்கொண்டு சந்தனம் தடவ வேண்டும். முடியாது என்றேன். நின்று யோசித்தார். அப்பச் சரி, உனக்குக் காய்ச்சல்னு சொல்லிருதேன் என்றார், ஏதோ வரம் கொடுக்கிற மாதிரி. எனக்குக் காய்ச்சல் இல்லை. அதையும் சொன்னேன். காதில் போட்டுக்கொண்டாரோ இல்லையோ, காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஆக்னஸ், சும்மா படு. மூக்கை அங்கே கொண்டு போகாதே. பழுப்பு உடம்பில் கழுத்திலிருந்து மார்வரைக்கும் கஞ்சி போட்ட கன்னியாஸ்திரி உடுப்பு போல வெள்ளை இருந்ததால் இந்தப் பெயர். எங்கள் பாளையங்கோட்டைக் கான்வென்டில் தையல் வகுப்பு எடுத்த சிஸ்டர் ஆக்னஸ் நினைவாக வைத்தேன், மரியாதைக்கா பழிக்கா என்று இன்றைக்கும் எனக்கே தெரியாது. நான் முக்கி முக்கிப் போட்டுக்கொண்டு போகிற ஓரத்தையலை விளக்கில் பிடித்துப் பார்ப்பார்கள், சண்முகவடிவு, இது தையலா கொசுக்கடியா என்பார்கள், கத்தரியின் ஒற்றை முனையை உள்ளே விட்டு ஒரே இழுப்பில் அத்தனையையும் பிரித்துவிட்டு மறுபடி போடச் சொல்வார்கள். ஒரே நூலில் ஓடுகிற தையல் அப்படித்தான், ஒரு இடத்தில் அறுந்தால் கடைசிவரைக்கும் வந்துவிடும். இந்த டாக்டர் பெண் கெட்டிக்காரி. ஒவ்வொரு தையலையும் தனித்தனியாக முடிச்சுப் போட்டிருக்கிறாள், நீல நூலில், எறும்பு வரிசை மாதிரி. ஒண்ணு போனாலும் மத்தது பிடிச்சிக்கும் மேடம் என்றாள். ஒண்ணு போயிருக்கிறது. போகவில்லை, போகப் பார்க்கிறது. காலையில் பனியனைத் தூக்கிப் பார்த்தால் வயிற்றில் வெள்ளை வெள்ளையாய் அப்பியிருக்கிறது, தொட்டால் நசநசவென்கிறது, மோந்தால் சந்தன வாசனை. திருநீறு. தையல் மேலே திருநீறு. உலகத்தில் வேறு எந்த ஊர்க்காரருக்கும் தோன்றாது, பச்சைப் புண்ணில் சாம்பலைப் பூச. கசிவும் சாம்பலும் சேர்ந்து கட்டியாகி, கட்டி இழுத்து, இழுத்த இடம் அரித்து, அரித்த இடத்தை இவள் ராத்திரி நக்கியிருக்கிறாள், நடுவில் ஒரு முடிச்சு தளர்ந்து சதையை விட்டு எழும்பி நிற்கிறது. டாக்டருக்குப் போன் போட்டால் ஆறின வெந்நீரில் உப்புப் போட்டு ஒற்றி எடுங்க, தேய்க்காதீங்க, அப்புறம் கண்ணை எடுக்காதீங்க, நாளைக்குக் காலையில் கூட்டிட்டு வாங்க என்றாள். பஞ்சு பஞ்சாக ஒற்றி எடுத்தேன். இவள் ஒரு சத்தம் போடவில்லை, என் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். யார் வேலை என்று கேட்க வேண்டுமா என்ன. திருச்செந்தூர் இலைத் திருநீறு, பன்னீர் இலையில் மடித்தது, சாமி படத்துக்கு முன்னால் எப்போதும் இருக்கும், அதை எடுத்து ஊரார் நெற்றியிலெல்லாம் பூசுகிற கை இந்த வீட்டில் ஒன்றுதான். மாமியார் தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். வாசல்வரை போய்விட்டுக் கேட்காமல் திரும்பிவிட்டேன். இன்றைக்கு விசேஷம் முடியட்டும், வந்து கேட்டுக்கொள்கிறேன் என்று வைத்திருக்கிறேன். மனதுக்குள் கேள்வியை ஏழெட்டு விதமாகத் தைத்துப் பிரித்துத் தைத்துக்கொண்டிருக்கிறேன்.

தெருவில் பிறந்து தெருவில் வளர்ந்து, ஒரு மழைக்கு நம் வீட்டுக் கார் ஷெட்டில் ஒதுங்கி, பிறகு போகவே இல்லை. அதுவரைக்கும் யாருக்கும் ஆட்சேபம் கிடையாது, பழைய சோறு தின்றுவிட்டு ராத்திரி குரைக்கிற வரைக்கும் எந்த நாயும் நல்ல நாய்தான். போன வாரம் சாப்பாட்டை நிறுத்திவிட்டது. தண்ணீரை மட்டும் குடம் குடமாகக் குடிக்கிறது, வால் பக்கம் ஒரு வாடை. ஆட்டோவில் போட்டுக் கொண்டுபோனேன். கர்ப்பப்பை முழுக்கச் சீழ், இன்றைக்கே எடுத்தாகணும், நாளைக்குன்னா நாய் இருக்காது என்றாள் டாக்டர். எடுங்க என்றேன். யாரைக் கேட்க வேண்டும். வீட்டுக்கு வந்து சொன்னதும் மாமியார் கையில் இருந்த கீரைக்கட்டைக் கீழே வைத்துவிட்டு, வளைகாப்பு வச்சிருக்கிற நேரத்துல கர்ப்பப்பை எடுக்கிற காரியமா செஞ்சிட்டு வந்திருக்கே, அதுவும் முதல் தட்டு எடுக்கப் போறவ என்றார்கள். சீழ் நாள் நட்சத்திரம் பார்த்துப் பிடிக்கவில்லை, அடுத்த தடவை பஞ்சாங்கம் காட்டுகிறேன் என்றேன். அவர்களுக்குக் கோபம் வந்தது, வரட்டும். ஆனால் அந்தச் சொல். கர்ப்பப்பை எடுக்கிற காரியம். அதை அவர்கள் வாயிலிருந்து இரண்டாவது முறையாகக் கேட்கிறேன் என்று அவர்களுக்கு ஞாபகம் இருந்ததா, தெரியவில்லை. எனக்கு இருந்தது, அடிவயிற்றில் இருந்தது. ஆக்னஸ், காதை ஆட்டாதே, ஈதான், போய்விடும். அப்போது எனக்கு நாற்பது. கட்டி என்றார்கள், எடுத்துவிட வேண்டும் என்றார்கள், எடுத்துவிட்டார்கள். மயக்கம் தெளிந்து கண்ணைத் திறந்தால் ஆஸ்பத்திரிக் கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டு மாமியார் இவரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள், வெளியில மூச்சு விடாதே, சுபாஷினி ஆளாயிருக்கா, சடங்கு வருது, கர்ப்பப்பை எடுத்தவ மங்கலத் தட்டு எடுக்கலாமான்னு சம்பந்தக்காரங்க கேப்பாங்க, குடல்வால்னு சொல்லிருவோம். சிறுபிள்ளைக்கு வருகிற குடல்வால். சரிம்மா என்றார் இவர். அதுதான் கண் திறந்தபிறகு இவர் வாயிலிருந்து நான் கேட்ட முதல் வார்த்தை, சரிம்மா.

குடல்வால் என்றால் ஒரு வாரத்தில் எழுந்து நடமாட வேண்டாமா. நடமாடினேன். பொய் சொன்ன வீட்டில் பொய்க்குத் தகுந்த மாதிரி உடம்பு நடந்துகொள்ள வேண்டும். சடங்கன்றைக்கு ஒன்பது கஜம் போலக் கனத்த அரக்குப் பட்டு, அடிவயிற்றில் கொசுவம் வருகிற இடம் எதுவோ அதே இடத்தில்தான் தையல். இதே தாம்பாளம், மாமியார் வீட்டுச் சீதனப் பித்தளை, இதிலே தேங்காய், வெல்லக்கட்டி, மஞ்சள்குலை, பட்டு, மேலே பூ. இதைத் தூக்கிக்கொண்டு தெருமுனையிலிருந்து நாதஸ்வரத்துக்குப் பின்னால் நடந்தேன். நாதஸ்வரக்காரர் எதிர் வீட்டு முன்னால் நின்று ஒரு ராகத்தை இழுக்கிறார், நானும் நிற்கிறேன், அவர் ஆலாபனை முடிக்கட்டும் என்று. அப்போதுதான் உள்ளே ஒன்று விட்டது. வலி என்று சொல்ல முடியாது, ரவிக்கைக் கொக்கி ஒன்று கழன்றால் தெரியுமே, அப்படி. பிறகு சூடாக ஒன்று இறங்கியது. அரக்குப் பட்டுதான் காப்பாற்றியது, அரக்கில் தெரியாது. தட்டை இறக்கி வைத்து, பிள்ளைக்கு நலுங்கு வைத்து, எல்லோரும் சாப்பிட்டுக் கை கழுவினபிறகு குளியலறையில் பாவாடையை அவிழ்த்துப் பார்த்தேன். ஓரத்தையல் வகுப்பு ஞாபகம் வந்தது. ஒரே இழுப்பு. சிரிப்புக்கூட வந்தது. அன்றைக்கு எல்லோரும் முதல் தட்டு எவ்வளவு அம்சமாய் வந்தது என்று சொன்னார்கள். பிரமு என் கையைப் பிடித்துக்கொண்டு, மதினி, உங்க கைராசிதான் என்றாள். அவளுக்குத் தெரியாது. இன்றுவரைக்கும் தெரியாது. மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போய் மறுபடி போட்டுக்கொண்டு வந்தது குடல்வால் கணக்கில் சேர்ந்துவிட்டது. அடக் கடவுளே, கைக்குக் கீழே ஈரம். இப்போது. இங்கே. நினைப்பில் இல்லை, நிஜமாகவே உள்ளங்கைக்குக் கீழே பனியன் நனைந்திருக்கிறது. எப்போதிலிருந்து. நான் எங்கேயோ சடங்கு வீட்டில் நின்றுகொண்டிருந்தபோது இது கசிந்துகொண்டிருந்ததா. கையை எடுக்கப் பயமாக இருக்கிறது. எடுத்தால் தெரிந்துவிடும். எடுக்காமலும் முடியாது. ஆக்னஸ் கண்ணைத் திறந்து பார்க்கிறாள், ஒன்றுமில்லைடி, ஒன்றுமில்லை, பனியனை மெதுவாக மேலே உருட்டுகிறேன், சிவப்பு இருக்கிறதா, இல்லை, மஞ்சள், இல்லை, சீழ் வாடை, குனிந்து மோந்து பார்க்கிறேன், ஐம்பத்து மூன்று வயதில் நாயின் வயிற்றை மோந்து பார்க்கிறேன், உப்புத்தண்ணீர் வாடையும் நாய் வாடையும்தான். நீல முடிச்சுகள் வரிசையாக இருக்கின்றன. தளர்ந்தது தளர்ந்தபடி, ஆனால் நிற்கிறது. இரண்டு பக்கத்து முடிச்சும் அதைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. என் உள்ளங்கை வியர்வை. மின்விசிறி பாட்டுக்கு மேலே சுற்றுகிறது, எனக்கு வேர்த்துக் கொட்டுகிறது, அவ்வளவுதான். மூச்சு வந்தது.

போகக் கூடாது என்று எனக்கு ஆசையா. அதுவும் யாருக்கும் விளங்காது. கட்டிலில் மாம்பழக் கலர்ப் பட்டு விரித்து வைத்திருக்கிறேன், பொருத்தமாக ரவிக்கை, பூவைக்கூட ஈரத்துணியில் சுற்றித்தான் வைத்தேன். கண்ணாடி வளையல் பச்சையும் சிவப்புமாக நானே டவுன் ரத வீதியில் போய் அவள் கை அளவு சொல்லி வாங்கி வந்தது. சுபாஷினி நல்ல பிள்ளை. வாய் என்னைப் போல, அதனாலேயே பிரமுவுக்கு அவளிடம் பயம். நேற்றுப் போனில், அத்தை, நாய் எப்படி இருக்கு, சாப்பிடுதா என்று முதலில் அதைத்தான் கேட்டாள். அந்தக் கைக்கு முதல் வளையல் போட எனக்கு ஆசை இல்லையா. இருக்கிறது, தொண்டை வரைக்கும் இருக்கிறது. ஆனால் வளையல் நாளைக்கும் ஏறும், தாய்வீட்டுக்குத்தானே வரப்போகிறாள், நான் போய் மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை அடுக்கிவிட்டு வருவேன், தையலுக்கு நாளைக்கு என்று ஒன்று கிடையாது. சரி, போகாமல் இருக்கலாம். போகாமல் இருக்கிறது பெரிய காரியம் இல்லை. காய்ச்சல் என்று ஒரு வார்த்தை, எல்லோரும் ஐயோ பாவம் என்பார்கள், பிரமு ஒரு தூக்குச்சட்டியில் பாயசம் கொடுத்தனுப்புவாள், யாருக்கும் மனத்தாங்கல் இல்லை. எவ்வளவு லேசு. அந்த லேசைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஒரு குடல்வால் போதும். என் உடம்பின் பேரில் இந்த வீடு இன்னொரு பொய் சொல்ல விடமாட்டேன். நாய்க்குத் தையல் போட்டிருக்கிறது, ஆள் வேண்டும், அதனால் வரவில்லை. இதில் எந்த எழுத்து அசிங்கம். கான்வென்டில் படிச்ச திமிர் என்பார்கள். ஆமாம், திமிர்தான். எனக்கு என்னிடத்தில் பிடித்ததே அது ஒன்றுதான், மற்றதெல்லாம் நன்றாகச் சமைப்பேன் வகையறா.

கார் வந்துவிட்டது. கேட் சத்தத்துக்கு ஆக்னஸின் வால் தரையில் தட்டுகிறது. இவருக்கு எதற்கு வால். ஒரு நாள் கூப்பிட்டதில்லை, தொட்டதில்லை, அந்த நாய் என்றுதான் பேச்சு. வேட்டி சட்டையில் உள்ளே வந்தவர் என் நைட்டியைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். கிளம்பலையா என்று கேட்கவில்லை. எப்படி இருக்கு என்று கேட்டுக்கொண்டே வேட்டியை மடித்துக்கட்டி எதிரே குத்தவைத்தார், சட்டைப் பைக்குள் விரலை விட்டு எதையோ எடுத்தார். காய்ந்த பன்னீர் இலை. பிரித்து, இரண்டு விரலில் எடுத்து, பனியனைத் தூக்கக் கையை நீட்டினார். ஆக்னஸ் வயிற்றைக் காட்டிக்கொண்டு மல்லாந்தாள், பழக்கப்பட்ட மாதிரி. அவர் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"நீங்களா?"

"நேத்து ராத்திரி நடுங்கிக்கிட்டே கிடந்துச்சு வடிவு. அதான் கொஞ்சூண்டு."

காலையிலிருந்து நான் மாமியாருக்காகத் தைத்து வைத்திருந்த கேள்வியெல்லாம் ஒரே இழுப்பில் உருவிக்கொண்டு வந்துவிட்டது. சாம்பலும் கசிவும் கட்டியும் தளர்ந்த முடிச்சும் என்று ஒன்று விடாமல் சொன்னேன், மெதுவாகத்தான் சொன்னேன், நாய் பயப்படக் கூடாது என்று. அவர் விரலில் இருந்ததைத் திரும்ப இலையிலேயே உதறி மடித்தார். இந்த மனுஷன் ராத்திரி எழுந்து வந்து இருட்டில் தரையில் உட்கார்ந்திருக்கிறார், என்னிடம் சொல்லவில்லை. எனக்கு நெகிழ வேண்டும் போல. நெகிழ்கிற இடம்தான். தலையைக் குனிந்துகொண்டு, உனக்குங்கூட ஆஸ்பத்திரியில பூசினேன், நீ மயக்கத்துல இருந்த என்றார். அப்படியா என்றேன். அதுவும் எனக்குத் தெரியாமல். இந்த மனுஷனுடைய பிரியமெல்லாம் எதிராளி தூங்கும்போதுதான் வெளியே வரும், முழித்துக்கொண்டால் சரிம்மா.

"திருநீறு பூசினது போதும். போனை எடுங்க. பிரமுகிட்டச் சொல்லுங்க, நான் வரலைன்னு."

"சொல்லிருதேன். காய்ச்சல்னு..."

"காய்ச்சல் யாருக்கு?"

சோபாவில் கிடந்த போனை எடுத்துப் பிரமுவைக் கூப்பிட்டு, அவரே ஸ்பீக்கரில் போட்டார், நான் சொல்லவில்லை. மண்டபத்து இரைச்சல், மேளம், குழந்தை அழுகை, நடுவில் பிரமு, எங்கே வந்துக்கிட்டிருக்கீங்க அண்ணா, நேரமாகுது, மதினி பூ வச்சாச்சா என்கிறாள். அவர் என்னைப் பார்த்தார். நான் கண்ணை எடுக்கவில்லை, உதவவும் இல்லை. ஆக்னஸ் அவர் பெருவிரலை நக்கினாள்.

"மதினி வரல, பிரமு. நாய்க்குத் தையல் போட்டிருக்கு. பக்கத்துல ஆள் இருக்கணும்."

நாய்க்கா என்றாள் பிரமு. அந்த ஒரு வார்த்தையில் எல்லாம் இருந்தது, சம்பந்தக்காரர்கள், முதல் தட்டு, என் வாய், என் திமிர். மேளம் நின்றிருந்தது போலிருக்கிறது, அவள் குரல் ஹாலில் பளிச்சென்று கேட்டது. ஒரு நாய்க்காகவா அண்ணா. இந்த இடத்தில் அவர் வழக்கமாகச் சொல்கிற வார்த்தை எனக்குத் தெரியும். வாயைத் திறந்தார். உள்ளங்கைக்குக் கீழே ஆக்னஸின் மூச்சு ஏறி இறங்குகிறது.

"கர்ப்பப்பை எடுத்திருக்கு. தையல் பிரிஞ்சிரக் கூடாது. சுபா சடங்கன்னைக்கு மதினிக்குப் பிரிஞ்ச மாதிரி."

குடல்வால்னுதானே, என்று ஆரம்பித்துவிட்டு நிறுத்தினாள் பிரமு. அரக்குப் பட்டுக்குள் அன்றைக்கு இறங்கினது இப்போது ஞாயிற்றுக்கிழமை வெயிலில் ஹால் நடுவில் கிடக்கிறது, யார் வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளட்டும். அண்ணா, அப்பத் தட்டு, என்றாள் பிரமு கடைசியில், வேறு குரலில். போனை என் பக்கம் நீட்டச் சொன்னேன். தாய்மாமன் வாராரு பிரமு, அவரே எடுத்துட்டு வருவாரு, முதல் வளையலை நீயே உன் மகளுக்குப் போடு, யாராவது கேட்டா நான் சொன்னேன்னு சொல்லு என்றேன். சரி மதினி என்றாள். அவ்வளவு சீக்கிரம் அவள் எதற்கும் சரி சொன்னதில்லை.

அவர் மடித்துக்கட்டின வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு நின்றார். நானா என்று கேட்கத்தான் நின்றார், என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்கவில்லை. இலையைச் சாமி படத்துக்கு முன்னால் கொண்டுபோய் வைத்தார். வந்து மேஜைக்கு முன்னால் நின்று, தாம்பாளத்தை எங்கே பிடிப்பது என்று தெரியாமல் இரண்டு பக்கமும் கையைக் கொண்டுபோய்ப் பார்த்தார், தேங்காய் ஒன்று உருண்டது, அதைத் திருப்பி வைத்தார், அடியில் கையைக் கொடுத்துத் தூக்கினார். தூக்கினவர் அடுத்த அடி வைக்காமல் அங்கேயே நின்றுவிட்டார்.

"என்ன வடிவு, இந்தக் கனம் கனக்கு."

"அன்னைக்கும் இதே கனம்தான்" என்றேன். "பார்த்துப் போங்க, வாசல்ல படி இருக்கு."

கையை எடுக்கவில்லை.